முள் பாதியில் நிற்க வேண்டும்

தை 17, புதன்

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. நாளை நாத்தனார் பாப்பாத்தியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். சத்தியமங்கலத்தில். தாராபுரத்திலிருந்து விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் ஆறரை முகூர்த்தத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இவர்தான் தாய்மாமன். இவர் நின்று சீர் செய்தால்தான் மற்றதெல்லாம்.

சீர்த்தட்டு பதினொன்று கட்டி முடித்தேன். மணமக்கள் தலையில் தெளிக்கக் கொடுமுடித் தீர்த்தம் இரண்டு லிட்டர் பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன்.

கார் ஓடியது 61,240 கிலோமீட்டர். துடைத்தேன். வழியில் தடங்கல் வரக்கூடாது என்று பழனியாண்டவரை நினைத்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, காரின் முன் கம்பிச் சல்லடையில் கட்டினேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "காரு என்ன கோயில் வேப்பமரமா?" என்பார். பால் சொசைட்டியில் முப்பது வருடம் செயலாளராக இருந்தவர். எதற்கும் ரசீது கேட்பார், சாமியிடம் கூட.

வீட்டுச் சாமான் கணக்கில் இரண்டு உதைக்கிறது. மஞ்சள் தூள் டப்பாவில் ஒரு கரண்டி குறைகிறது. சாக்கு தைக்கும் நைலான் நூல்கண்டைக் காணோம். எலி நூலை இழுக்கும். மஞ்சள் தூளைத் தின்னுமா?

தை 18, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

கோபி தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் பாதியை விட்டு மேலே ஏறியது. "முள்ளு ஏறுதுங்க" என்றேன். "அது அப்படித்தான் ஏறி எறங்கும் புள்ளே" என்றார். இறங்கவில்லை. சிவப்பைத் தொட்டது. முன்பக்கத்திலிருந்து பொங்கல் பானை மாதிரி ஆவி.

ஓரம் கட்டி, ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கும் தண்ணீர் இல்லை. கொடுமுடித் தீர்த்தம் இரண்டு லிட்டரும் ரேடியேட்டருக்குப் போனது. அதற்கும் புண்ணியம் சேரட்டும்.

நாங்கள் மண்டபத்தில் இறங்கியபோது மணி எட்டு பத்து. தாலி கட்டியாகிவிட்டது. தாய்மாமன் இடத்தில் இவருடைய சித்தப்பா மகன் சரவணக்குமாரை நிறுத்திச் சீரை முடித்துவிட்டார்கள். பாப்பாத்தி இவரைப் பார்த்தாள். "சாப்பிட்டுப் போண்ணா. எலை மிச்சமிருக்குது" என்றாள். அவ்வளவுதான்.

அவர் சாப்பிடவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு வந்து சல்லடையைப் பார்த்தேன். மஞ்சள் முடிப்பைக் காணோம். ஆண்டவன் எடுத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

தை 19, வெள்ளி

மெக்கானிக் ரங்கசாமி வந்து மூடியைத் திறந்து பார்த்தார். எஞ்சினைக் குளிர்விக்கிற விசிறி சுற்றவில்லையாம். வெளியே தெரியும் வயரை நேராகக் கொடுத்துப் பார்த்தார். உர்ர் என்று முனகி, இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"முன்னாடி பம்பரைக் கழட்டி உள்ள பாத்தாத்தான் தெரியுமுங்க. ஏதாச்சும் சிக்கியிருக்கும்."

என் கண் சல்லடைக்குப் போனது. நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "பம்பரெல்லாம் கழட்ட வேண்டாம். பெயின்ட் போயிரும்."

"போகாதுங்க, நாலு திருகாணிதான்…"

"வேண்டாம்னா வேண்டாம்!"

காரணம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. பெயின்ட் முக்கியம். ரங்கசாமிக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்து அனுப்பினேன்.

மாசி 9, புதன்

கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். பின்பக்கம் தமிழிலும் இருந்தது. "தங்கள் வாகனத்தின் குளிர்விப்பு விசிறி மோட்டாரில் உற்பத்திக் குறைபாடு இருக்கக்கூடும். மோட்டார் நின்றுபோகவோ, அதிகச் சூடாகித் தீப்பற்றவோ வாய்ப்புண்டு. வாகனத்தைக் கட்டடங்களுக்கு வெளியே நிறுத்தவும். இலவசமாக மாற்றித் தரப்படும்." இதற்கு ரீகால் என்று பெயராம். விற்ற பொருளைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்வது.

படித்ததும் மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. தீப்பற்றும் என்று எழுதியிருந்த வரியைப் படிக்கும்போது கூட நிம்மதியாக இருந்தது.

அவர் மூன்று தடவை படித்தார். "பாத்தியா மயிலா? கம்பெனித் தப்பு! நம்ம தப்பு ஒண்ணுமில்லே!" பென்ஷன் உத்தரவு வந்த அன்று கூட இவ்வளவு சிரிக்கவில்லை. நம்ம தப்பு என்று யார் சொன்னார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உடனே பாப்பாத்திக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். "அப்படியா" என்று வைத்துவிட்டாள்.

காரை எதிர்ப் புறம்போக்கில் வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அதற்குக் கற்பூரம் காட்டுவதை நிறுத்திவிட்டேன். தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

மாசி 21, திங்கள்

திருப்பூர் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். எட்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி, ஆற வைத்து ஆற வைத்துப் போனோம். குழந்தையை நடக்கக் கூட்டிப்போகிற மாதிரி.

உள்ளே விட்டது 10.10. மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டாள். "முன்னாடி கயிறு, மணி, மாலை ஏதாச்சும் கட்டியிருந்தீங்களா? கட்டியிருந்தா இலவசத்துல வராதுங்க."

"அதெல்லாம் எங்க வீட்ல கெடையாதுங்க!" என்று அவர் சொன்னார். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கம்மா?"

நானும் இல்லை என்று தலையாட்டினேன். தை 17 அன்று கட்டிய முடிப்பு நினைவுக்கு வரத்தான் செய்தது. தலை முந்திக்கொண்டது. இன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் உப்பில்லாமல் சாப்பிடுவதாக இருக்கிறேன். உடம்புக்கு நல்லது.

பிறகு, "மோட்டார் ஸ்டாக் இல்லீங்க, வந்ததும் கூப்பிடறோம்" என்று சொல்லி, வந்ததற்குத் தண்ணீர் அடித்துக் கழுவி 10.50-க்குக் கொடுத்துவிட்டார்கள். மூடியைக் கூடத் திறக்கவில்லை. கார் பளபள என்று இருக்கிறது. விசிறி சுற்றவில்லை. கிலோமீட்டர் 61,555.

பங்குனி 5, திங்கள்

கூப்பிடவில்லை.

பங்குனி 12, திங்கள். உத்திரம்

இலவச எண்ணுக்கு நானே போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, மறுபடி ஒன்றை அழுத்து. நடுவில் ஒரு மேளமில்லாத பாட்டு. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் நாலு தடவை "சந்தோசம் கண்ணு" என்று பதில் சொன்னேன். அது இயந்திரம் என்று அவர் சொன்ன பிறகு விட்டுவிட்டேன். பதினாலு நிமிடம்.

கடைசியில் ஷெரின் என்று ஒரு பெண் வந்தாள். காரின் அடிச்சட்ட எண் வேண்டுமாம். பதினேழு எழுத்து, பாதி இங்கிலீஷ். நான் படித்தது மூன்றாவது வரை. மீதியைத் தினசரி காலண்டரிலும் பஸ் போர்டிலும் படித்துக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்து பஸ் போர்டில் வருகிற அளவுக்குத்தான் தெரியும். அவர் வாசித்தால் அந்தப் பெண்ணுக்குப் புரிவதற்குள் எரிந்து விழுகிறார். அதனால் எண்ணை ஒரு தாளில் எழுதி ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன்.

பங்குனி 20, செவ்வாய்

உப்பில்லை. எண் மனப்பாடம் ஆகிவிட்டது. காலையில் சாமி முன்னால் நின்று கண்ணை மூடினால் மந்திரத்துக்குப் பதிலாக அதுதான் வருகிறது. ஷெரினிடம் ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மா, இதுவரைக்கும் யாருமே தப்பில்லாம சொன்னதில்ல" என்றாள். அப்புறம், பதினைந்து நாளில் வந்துவிடும் என்றாள். போன வாரமும் பதினைந்து நாள் என்றுதான் சொன்னாள்.

இன்றோடு போன் பதினொன்று.

சித்திரை 10, செவ்வாய்

பாப்பாத்தி வந்தாள். சின்னவள் சுகந்திக்கு வைகாசி 27-ல் கல்யாணம். பத்திரிகையை எங்கள் இருவர் கையிலும் சேர்த்து வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முறை விடவில்லையே.

உட்காரச் சொன்னேன். வாசல்படியிலேயே நின்றாள். என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணிக்கு எங்கள் பக்கம் அப்படி. இன்று அண்ணனிடம் பேச வேண்டியதையும் என்னிடமே பேசினாள்.

"நங்கையா, தாய்மாமன் சீர் காலைல ஆறு மணிக்கு. இந்தத் தடவையும் எலை எடுக்கற நேரத்துக்கு வந்தீங்கன்னா எனக்குத் தாங்காது. சரவணக்குமார்கிட்டச் சொல்லியே வெச்சர்றேன். அவங்க கார்லயே வந்துருங்க, இல்லாட்டி வாடகைக்குப் பிடிச்சுக்கங்க."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "வாடகைக் கார்ல வந்து எறங்கறதுக்கு நான் என்ன பார்வையாளனா? என்ற கார்லதான் வருவேன்."

"வருமாண்ணா அது?"

"வரும். வரலீன்னா நானும் வரலே."

ஐயோ என்று இருந்தது. பாப்பாத்தி செருப்பை மாட்டினாள். படி இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். "தூசி" என்றார்.

இன்னும் நாற்பத்தேழு நாள்.

சித்திரை 16, திங்கள்

புறம்போக்கில் நிற்கும் காருக்கு அடியில் பக்கத்து வீட்டுக் கோழி அடை படுத்திருக்கிறது. எட்டு முட்டை. கார் நகராது என்று கோழிக்கே தெரிந்துவிட்டது.

வைகாசி 3, வியாழன்

ஷெரின் இன்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மா… உங்க காருக்கு மோட்டார் மாத்தியாச்சுன்னு காட்டுதே. மார்ச் நாலாந்தேதி. முடிஞ்சதுன்னு இருக்கு. அதான் உங்க பேரு பட்டியல்லயே வரல."

"அது மாசி 21. கழுவினதுதான் கண்ணு. வெறும் தண்ணி."

"சிஸ்டத்துல முடிஞ்சதுன்னு இருக்கும்மா."

சிஸ்டம் என்றால் யார் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. மேனேஜரை நேரில் பார்த்து, மாற்றவில்லை என்பதற்கு ஆதாரம் கொடுக்கச் சொன்னாள்.

ஆதாரம் என்னிடம் இருக்கிறது. இந்த நோட்டுதான். மாசி 21-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நேரம், கிலோமீட்டர், மூடியைத் திறக்காதது, எல்லாம் இருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.

நோட்டை மூடி வைத்தேன்.

வைகாசி 8, செவ்வாய்

உப்பில்லை. அந்தப் பக்கத்தை வேறு தாளில் பார்த்து எழுத உட்கார்ந்தேன், மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் மட்டும். நடுவில் உள்ளதை விட்டுவிட்டால் என்ன? அழகான கையெழுத்தில் நாலு வரி எழுதினேன். பிறகு நிமிர்ந்தால் சுவரில் பழனியாண்டவர் காலண்டர். கோவணத்தோடு நிற்கிறார். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

தாளைக் கிழித்துப் போட்டேன்.

வைகாசி 14, திங்கள்

இதை முழுதாக எழுத வேண்டும்.

கோழியைக் குஞ்சுகளோடு கூடைக்கு மாற்றிவிட்டு, நிறுத்தி நிறுத்தித் திருப்பூர் போனோம். மேனேஜர் ஜெயசீலன். நல்ல மனுஷர், ஆனால் கண் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

"சார், எங்க ரெக்கார்டுல மாத்தியாச்சு. மாத்தலைன்னு நீங்க வாயால சொன்னா நான் மேல என்னன்னு எழுதறது?"

அவர் மேசையைத் தட்டினார். "மாத்தலைங்கறேன்! அப்புறம் என்ன ரசீதா குடுக்க முடியும், மாத்தாததுக்கு?"

சத்தம் ஏறியது. மாத்தினேன், மாத்தலை, மாத்தினேன், மாத்தலை. கல்யாணத்துக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. வாசல்படியில் நின்ற பாப்பாத்தி என் கண்முன்னால் வந்தாள். மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்து, மாசி 21-ஐ விரித்து மேசையில் வைத்தேன்.

"படிங்க சார். எல்லாத்தையும் படிங்க."

ஜெயசீலன் சத்தமாகப் படிப்பார் என்று நான் நினைக்கவில்லை. பத்து பத்து, பத்து ஐம்பது, கிலோமீட்டர் எல்லாம் படித்து, "தை 17 அன்று கட்டிய முடிப்பு" என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் படித்து முடித்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நான்தான் கட்டினேன். அன்னிக்கு இல்லைன்னு பொய் சொல்லிப்போட்டேன். தப்பு எங்களுதுன்னா நாங்களே மாத்திக்கறோம். ஆனா நீங்க மாத்தலைங்கறது நெசம்."

பக்கத்தில் என் வீட்டுக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தது. அது கோபம் என்றுதான் நினைத்தேன்.

ஜெயசீலன் எழுந்தார். "பம்பரைக் கழட்டிப் பாத்துரலாம்."

"பம்பர் வேண்டாமுங்க" என்றார் அவர், ஈனஸ்வரத்தில்.

"ஏனுங்க, இனி என்ன பெயின்ட்டு?" என்றேன்.

தனபால் என்கிற தொழிலாளி, நாற்பது வயதிருக்கும், பம்பரைக் கழட்டினார். குனிந்து பார்த்தார். அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். என் முடிப்பு. அப்படியே இருந்தது, ஒரு ரூபாயோடு. கொஞ்சம் சேறு.

"அம்மா, இது கீழ தட்டுல உழுந்து கெடந்துச்சுங்க. இது விசிறிக்கிட்டயே போகலை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாதம், எத்தனை செவ்வாய்க்கிழமை! முருகா என்றேன்.

"ஆனா இது யாருதுங்க?"

விசிறியின் நடுத்தண்டில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. தனபால் கத்தியால் அறுத்து அறுத்து இழுத்தார். நைலான் நூல், முழம் முழமாக வந்தது. கடைசியில் ஒரு துணி முடிச்சு. வேட்டிக் கரை. மஞ்சள் தூளைக் கரைத்து நனைத்திருந்தது. அவிழ்த்தால் பத்து ரூபாய்க் காசு ஒன்று, ஒரு ரூபாய்க் காசு ஒன்று. பதினொன்று.

எங்கள் வீட்டில் எதையும் பதினொன்றாகக் கொடுப்பவர் ஒருவர்தான்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சிறிய எழுத்து வரை.

"ஏனுங்க."

"ம்."

"மஞ்சள் தூளு ஒரு கரண்டி."

"முக்காக் கரண்டிதான்."

"நைலான் நூலு எதுக்குங்க? பருத்தி நூலா இருந்தா அறுந்து போயிருக்குமில்ல?"

"கெட்டியா இருக்கட்டும்னு…" என்று இழுத்தார். "முன்னாடி கட்டினா நீ பாத்துப்போடுவே. அதான் மூடியைத் தொறந்து உள்ள, விசிறிக் கூண்டுல…"

தனபால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. ஜெயசீலனும் இருமினார், வெகுநேரம்.

"என்ன வேண்டினீங்க?" என்று கேட்டேன்.

"வழியில தடங்கல் வரக்கூடாதுன்னு."

நானும் அதையேதான் வேண்டினேன் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

இலவசம் போயிற்று என்றுதான் இருந்தோம். ஜெயசீலன் மோட்டாரைக் கையில் வாங்கி எண்ணைப் பார்த்தார். "இது பழைய மோட்டார்தான், நாங்க மாத்தலை. ஒத்துக்கறேன். எண் ரீகால் பட்டியல்ல இருக்கு. கயிறு கட்டினா இலவசமில்லைங்கறது மத்த ரிப்பேருக்கு. இதை, துணி சுத்தினாலும் சுத்தாட்டியும் மாத்திக் குடுக்கணும். அதான் உத்தரவு."

"துணியால நின்னுச்சுங்களா, மோட்டாராலயா?" என்று அவர் கேட்டார்.

தனபால் கருகிய வயரை மோந்து பார்த்தார். "ரெண்டுல எது முந்துச்சுன்னு பழனியாண்டவர்தானுங்க சொல்லணும்."

மூன்று மணிக்குப் புது மோட்டார் போட்டுக் கொடுத்தார்கள். வேலைச் சீட்டில் ஒரு வரி, "எடுக்கப்பட்ட வெளிப்பொருள்: 2." அதன் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். தாராபுரம் வரைக்கும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முள் பாதி. காங்கயம் தாண்டியதும் அவர் தானாகச் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் எனக்கும் நிற்கவில்லை.

வைகாசி 15, செவ்வாய்

உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். அவர் இன்று உப்பில்லாமல் கேட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை. உடம்புக்கு நல்லது.

வைகாசி 27, ஞாயிறு

கிளம்பியது 2.45. காங்கயம், முள் பாதி. பெருந்துறை, பாதி. கோபி வந்தபோது இருவரும் மூச்சுவிடவில்லை. தை மாதம் நின்ற அதே புளியமரம். பாதி. மரத்தைத் தாண்டியதும் அவர் ஹாரன் அடித்தார், யாருமே இல்லாத ரோட்டில்.

மண்டபத்தில் இறங்கியது 5.20. வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தி வாசலிலேயே நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ, காலில் செருப்பில்லை. காரைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"வந்துட்டியாண்ணா!"

"மணி பாரு. அஞ்சு இருவது."

"மணி கெடக்குது போ." இடுப்பிலிருந்து எதையோ எடுத்தாள். "நங்கையா, நீங்க பத்திரமா வந்து சேரணும்னு நாப்பத்தேழு நாளா சாமி முன்னால வெச்சுக் கும்பிட்டேன். இந்தக் கார்லயே கட்டிப்போடறேன்."

கையில் மஞ்சள் முடிப்பு. சொல்லிக்கொண்டே காரின் முன்னால் குனிந்துவிட்டாள்.

"வேண்டாம்!" என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கத்தியதில், வாழைமரம் கட்டினவர் ஏணியை விட்டு இறங்கினார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். பாப்பாத்தியின் முகம் சுருங்கியது.

அவர் அவள் முன்னால் போய் நின்றார். புதுச் சட்டையின் கையை மடக்கி, மணிக்கட்டை நீட்டினார்.

"காருல வேண்டாம் பாப்பாத்தி. இங்க கட்டு."

அவள் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவர் அசையாமல் நின்றார். பருத்தி நூல்தான், நான் பார்த்துவிட்டேன்.

ஆறு மணிக்குத் தாய்மாமன் சீர். தட்டு பதினொன்று. சரவணக்குமார் பந்தி பரிமாறினான்.

கிலோமீட்டர் 61,998. விசிறி சுற்றுகிறது. வெளிப்பொருள் இல்லை.